யாரும் தொடாத பிஸ்கட் டின்

பண்டார் தெங்காரா
24 நவம்பர் 2024

மதிப்புக்குரிய நிர்மலா அக்காவுக்கு,

தம்பி லக்ஷ்மன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டிவலி எப்படி என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், கேட்டுவிட்டேன்.

தீபாவளிக்கு மறுநாள் வாசலில் நின்று "இனிமே என்னோட பேசாதே" என்றீர்கள். வாட்ஸப்பிலும் அடைத்துவிட்டீர்கள். ஆனால் எழுதாதே என்று சொல்லவில்லை. மூன்று வாரம் யோசித்து, கடிதம் பேச்சில் சேராது என்று முடிவுசெய்தேன்.

தப்பு என்னுடையதுதான். ஒரு வருடமாக யாரும் தொடாத பொருள் குப்பை என்று விதி வைத்துக்கொண்டு உங்கள் ஸ்டோர் ரூமைக் காலிசெய்தேன். தொழில் புத்தி. கணினியில் ஒரு நிரல் ஓடும்போது நினைவகத்தில் பொருள்மேல் பொருளாக எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கும். இடம் நிறைந்தால் துப்புரவாளன் என்று ஒருவன் வந்து, இனி யாரும் கூப்பிடப் போகாத பொருள்களை அள்ளிப் போவான். கூப்பிட ஒரே ஒருவர் இருந்தாலும் கைவைக்க மாட்டான். எனக்கு அவனளவுகூட அறிவில்லை. உங்களைக் கேட்காமல் தூசியைப் பார்த்து முடிவுசெய்தேன். உங்கள் சாதகம் இருந்த அந்த நீல பிஸ்கட் டின்னைத் தூக்கிய ஞாபகமே எனக்கு இல்லை. ஆனால் பழைய சாமான் லோரியில் ஏற்றியதில் பாதி ஞாபகமில்லை. நீங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

இங்கே ஆலையிலும் துப்புரவாளன்தான் தலைவலி. செம்பனைக் குலைகளை நீராவியில் வேகவைக்கும் கொப்பரைக்கு நான் எழுதிய நிரல், வால்வைத் திறக்க வேண்டிய நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அவன் கூட்டிக்கொண்டிருந்தானாம். அவன் கூட்டும்போது வேறு யாரும் அசையக் கூடாது. பாதுகாப்பு வால்வு அலறியது. யாருக்கும் அடியில்லை. ஆலைப் பொறியாளர் தங்கராஜு டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டு, "தம்பி, இது ஆபீஸ் கம்ப்யூட்டர் இல்ல லா. அரை நொடி லேட்டா வர்ற சரியான பதில் எனக்கு வேணாம்" என்றார். மார்ச்சுக்குள் சரிசெய்ய வேண்டும்.

திட்டியாவது பதில் போடுங்கள்.

லக்ஷ்மன்

*

குளுவாங்
3 டிசம்பர் 2024

தம்பி லக்ஷ்மனுக்கு,

முட்டி வலிக்கிறது. கேட்டதற்கு நன்றி.

உன் கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். தலைமைக் கிளார்க் நிர்மலா கடிதம் பார்த்துச் சிரிக்கிறாள் என்று பக்கத்து மேசை பிரேமலா எல்லா மேசைக்கும் போய்ச் சொன்னாள். சிரிக்கவில்லை. மூக்கு அரித்தது.

நீ செய்த காரியத்தின் நிலைமையைச் சொல்கிறேன். நாற்பத்தொன்பது வயதில் எனக்கு ஓர் இடம் அமைந்திருக்கிறது. ஆயர் ஈத்தாமில் பூச்சட்டிக் கடை வைத்திருக்கும் ரூபேந்திரன் நல்ல மனிதர், நம்மைப்போல் சிலோன்காரர். அவரிடம் சட்டி வாங்கி வாங்கி வீட்டில் அறுபத்து மூன்று சட்டி சேர்ந்த பிறகுதான் இருவரும் வாயைத் திறந்தோம். தடையாக நிற்பது பத்து பஹாட் ஊரில் தனியாக இருக்கும் அவருடைய அக்கா சந்திரமதி. பெண்ணின் சாதகம் பார்க்காமல் நாள் குறிக்க மாட்டாராம். பிறந்த நேரம் அப்பா கைப்பட எழுதிய அந்தக் காகிதத்தில் மட்டுந்தான் இருந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவளுக்கு வேறு எங்கே பதிவு இருக்கும்?

சாதகம் தொலைந்தது உறுதியானால் பெயரை வைத்துப் பொருத்தம் பார்க்கலாம் என்று அவர்களுடைய சோதிடர் இறங்கி வந்திருக்கிறார். ஆகவே, தொலைந்தது உறுதி, தொலைத்தவன் என் தம்பி என்று சந்திரமதி மச்சாளிடம் சொல்லிவிட்டேன். யாராவது கேட்டால் நீயும் அதையே சொல். முன்னே மூன்று இடம் வந்து போனது உனக்குத் தெரியும். நான்காவதும் போனால் எனக்குத் தாங்காது.

கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கால் கழுவித் தோழனாக நிற்க வேண்டியவன் நீ. இருக்கிற கோபத்தில் சித்தப்பா மகனைக் கேட்கலாமா என்று பார்க்கிறேன்.

ஆலைச் சாப்பாட்டில் எண்ணெய் அதிகம் இருக்கும். பார்த்துச் சாப்பிடு.

நிர்மலாதேவி

*

பண்டார் தெங்காரா
11 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. எண்ணெய் பற்றிய எச்சரிக்கையும் கிடைத்தது. ஆலையே எண்ணெய் ஆலை.

நான்காவது இடமும் என்னால் போகிறதென்றால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்? அதனால் இரண்டு முடிவு எடுத்திருக்கிறேன்.

ஒன்று, டின்னைத் தேடிக் கண்டுபிடிக்கப் போகிறேன். நினைவகத்தில் ஓர் இடத்தை விடுவித்தால் அது அழிந்துபோவதில்லை. அடுத்தவன் எடுத்துத் தன் சாமானைப் போட்டுக்கொள்வான். உங்கள் டின்னும் எங்கோ யாருக்கோ உழைத்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று சந்திரமதி அக்கா விஷயம். ஒரு நிரலுக்குள் பல வேலைகள் ஒரே நேரத்தில் ஓடும், அவற்றை இழை என்போம். ஒவ்வோர் இழைக்கும் ஒரு முன்னுரிமை உண்டு. சில சமயம் வரிசையில் கடைசி இழையின் கையில் ஒரு சாவி இருக்கும். முதல் இழை அந்தச் சாவிக்காகக் காத்து நிற்கும். நடுவில் இருக்கிறவர்கள் புகுந்து புகுந்து கடைசி ஆளை வேலை செய்யவே விடமாட்டார்கள். முதல் ஆள் நின்றது நின்றபடி. உங்கள் கல்யாணத்தில் முதல் இழை நீங்கள். நாள் குறிக்கும் சாவி பத்து பஹாட்டில் தனியாக இருக்கும் சந்திரமதி அக்கா கையில். மண்டபம், கூறைப்புடவை என்று அவருக்கு போன்போட்டுக் குழப்பும் சொந்தக்காரர்கள் நடு இழை.

இதற்குத் தீர்வு உண்டு. சாவி வைத்திருப்பவருக்கு, சாவியை விடும்வரை, முதல் ஆளின் மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். அவரை வீட்டுக்கு அழைத்து ராணிபோல் வைத்துக்கொள்ளுங்கள். வேலை சட்டென்று முடியும். நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

லக்ஷ்மன்

*

குளுவாங்
5 ஜனவரி 2025

தம்பி லக்ஷ்மனுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. தைலம் நல்லது. அதை இப்போது மச்சாள் பூசிக்கொள்கிறார்.

உன் பேச்சைக் கேட்டு, அதாவது உன் எழுத்தைக் கேட்டு, சந்திரமதி மச்சாளை நாலு நாள் தங்கிப் போகும்படி அழைத்தேன். இரண்டு பெட்டி, ஒரு தையல் மெஷின், சொந்தத் தலையணையோடு வந்து இறங்கினார். இன்று பதினேழாம் நாள். என் கட்டில் அவருக்கு, எனக்கு ஹால் சோபா. காப்பியைக் குடித்துப் பார்த்து "குடிக்கலாம்" என்று தீர்ப்புச் சொல்கிறார். அடுக்களையில் உப்பு இருந்த இடத்தில் சீனி இருக்கிறது. சனிக்கிழமை ரசத்தில் நான் போட்டது எது என்று உனக்கே தெரிந்திருக்கும். அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டு தரம் வாங்கிக் குடித்தார், அதற்காக அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்துவிட்டது.

மரியாதையை ஏற்றச் சொன்னாய், சரி. இறக்குவது எப்படி என்று ஏன் எழுதவில்லை?

இதைவிடப் பெரிய கூத்து, டின் ஸ்டோர் ரூமிலேயே கிடக்கலாம் என்று அவரும் தேட ஆரம்பித்திருக்கிறார். நீயும் தேடுகிறாய். இரண்டு பேரும் தேடினால் தொலைந்தது என்று யார்தான் நம்புவார்கள்? நீ தேடாதே. போனது போனதுதான்.

ஆலையில் நீராவிப் பக்கம் போகாதே.

நிர்மலாதேவி

*

பண்டார் தெங்காரா
14 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

பொங்கல் வாழ்த்து. தங்கராஜு வீட்டில் பொங்கினார்கள். நீராவிப் பக்கம் போகாமல் என் வேலையைச் செய்ய முடியாது, தள்ளி நின்று செய்கிறேன்.

இறக்குவது சுலபம். சாவியை விட்ட கணமே மரியாதை தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும். அவர் நாள் குறிக்காதவரை உங்களுக்குச் சோபாதான், மன்னிக்கவும்.

இங்கே புதிய முறைக்கு மாறிவிட்டேன். வால்வைப் பார்க்கும் இழைகள் துப்புரவாளனுடைய எல்லைக்குள் காலே வைக்காது. அவற்றுக்கு இரண்டே வகை இடம். ஒன்று சாகா நினைவகம். நிரல் தொடங்கும்போது எடுத்து வைத்ததைக் கடைசிவரை யாரும் எறிய முடியாது. மற்றது அறை. உள்ளே போகும்போது வேண்டியதை எடுத்துப் புழங்கலாம், கடைசி ஆள் வெளியே வந்ததும் அறையிலுள்ள எல்லாம் ஒரே அடியாய்ப் போய்விடும். கூட்டவும் வேண்டாம், காத்து நிற்கவும் வேண்டாம். எது எந்த அறையோடு போக வேண்டியது, எது எப்போதும் கூட வர வேண்டியது என்று முன்கூட்டியே தீர்மானிப்பதுதான் கஷ்டம். அதில்தான் என் முடி கொட்டுகிறது.

நல்ல செய்தி ஒன்று. அந்த லோரிக்காரர் பெயர் ஆ செங். நம்பர் கிடைத்துவிட்டது. சீனப்புத்தாண்டு முடிந்து வரச் சொல்லியிருக்கிறார். தேடாதே என்று நீங்கள் எழுதியது என்மேலுள்ள இரக்கத்தால் என்று தெரியும். கவலைப்படாதீர்கள், விடமாட்டேன்.

லக்ஷ்மன்

*

குளுவாங்
9 பிப்ரவரி 2025

தம்பி லக்ஷ்மனுக்கு,

பதில் தாமதம். வேலை அதிகம். சுகம்.

அறுபத்து மூன்று சட்டியிலும் மச்சாள் கறிவேப்பிலை நட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுப் பூனை நான்கு குட்டி போட்டது. அலுவலகத்தில் கூரை ஒழுகுகிறது. ரூபேந்திரன் ஞாயிறுதோறும் வருகிறார், அக்காவுக்குப் பயந்து வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போகிறார். இந்த வாரம் "சாதகத்த பத்தி நீங்க கவலப்படாதீங்க, நிர்மலா" என்று மூன்று தரம் சொன்னார். ஏன் மூன்று தரம் என்று தெரியவில்லை.

மழைக்குக் குடை எடுத்துப் போ.

நிர்மலாதேவி

பி.கு. ஆ செங்குக்கு வயதாகிவிட்டது. ஞாபகமறதி. அவர் சொல்வதை நம்பாதே.

*

பண்டார் தெங்காரா
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

சுகம். குடை இருக்கிறது.

நேற்று குளுவாங் வந்து ஸ்டேஷன் காப்பிக் கடையில் ஆ செங்கைப் பார்த்தேன். வீட்டுக்கு வரவில்லை, நீங்கள் பேசாதே என்றது இன்னும் நடப்பில் இருக்கிறது. அவருக்கு ஞாபகம் நன்றாகவே இருக்கிறது. பழைய டின்களை எல்லாம் ஆயர் ஈத்தாம் பூச்சட்டிக் கடைகளுக்குக் கொடுத்துவிடுவாராம், தூரிகை ஊறப்போட. நீல டின் எந்தக் கடைக்குப் போனது என்றும் சொன்னார்.

வேறொன்றும் சொன்னார். அதை இப்போது எழுதவில்லை.

அக்கா, முன்னே வந்த மூன்று இடமும் ஏன் போயின? நான் ஸ்கூல் பையன் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. "சரிவரல" என்பதோடு அம்மா கதவைச் சாத்திவிடுவார்.

லக்ஷ்மன்

*

குளுவாங்
18 பிப்ரவரி 2025
விரைவு அஞ்சல்

லக்ஷ்மன்,

ஆயர் ஈத்தாம் போகாதே. அக்கா கேட்கிறேன்.

நி.

*

பண்டார் தெங்காரா
9 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும்.

இரண்டு வாரம் போகாமல்தான் இருந்தேன். போன ஞாயிறு ரூபேந்திரன் அண்ணனே கூப்பிட்டார். "டின்ன தேடுறீங்கன்னு ஆ செங் சொன்னாரு. இங்கதான் இருக்கு, வாங்க" என்றார்.

முதலில் ஆ செங் சொன்னதை எழுதிவிடுகிறேன். "தம்பி, அந்த நீல டின் நீ குடுக்கல லா. நீ உள்ள போனதும் ஒங்க அக்காதான் ஓடி வந்து லோரியில போட்டுச்சி. சுத்தி டேப்பு வேற ஒட்டியிருந்திச்சி." அன்று முழுக்க உங்கள்மேல் எனக்குக் கோபம். மூன்றரை மாதம் திருடன்போல் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறேன். உங்கள் விரைவு அஞ்சல் வந்ததும் கோபம் போய்விட்டது. நீங்கள் ஒருநாளும் "கேட்கிறேன்" என்று எழுதுகிறவர் இல்லை.

கடையில் அந்த டின் மேசைமேல் இருந்தது, உள்ளே தூரிகைகள். சாதகம் மேசை டிராயரில், நான்காக மடித்து, நெகிழி உறைக்குள். ரயில்வே படிவத்தின் பின்பக்கம் அப்பாவின் கையெழுத்து. கீழே சிவப்பு மையில் யாரோ சோதிடர் எழுதியிருக்கிறார்: எட்டில் செவ்வாய், கணவனுக்கு ஆகாது. மூன்று இடமும் ஏன் போயின என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒரு தடவையாவது என்னிடம் சொல்லியிருக்கலாம், அக்கா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணன் நவம்பரிலேயே படித்துவிட்டாராம். பெயரையும் தேதியையும் பார்த்ததும் உங்களுடையது என்று புரிந்துவிட்டதாம். "எனக்கு அம்பத்திரண்டு வயசு தம்பி, நெஞ்சில ரெண்டு ஸ்டென்ட். செவ்வாய் வந்து புதுசா என்ன செய்யப் போகுது?" என்றார். ஏன் உங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "அவங்க மறைக்கணும்னு நெனைக்கிறாங்க. மறைக்கட்டுமேன்னு விட்டுட்டேன்."

உங்களை அண்ணன் கட்டிக்கொள்வதில் எனக்கு முழுச் சம்மதம்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. ஒரு பொருளை எறியும் உரிமை அதற்குச் சொந்தக்காரருக்கு மட்டும். இதை எறிய எனக்கு உரிமை இல்லை, அண்ணனுக்கும் இல்லை. அதனால் டின்னையும் சாதகத்தையும் கூரியரில் உங்கள் பெயருக்கு அனுப்பியிருக்கிறேன். எரித்தாலும் சரி, காட்டினாலும் சரி. யார் கேட்டாலும் தொலைத்தவன் நான்தான் என்று சொல்வேன். அது எனக்குப் பழகிவிட்டது.

கொப்பரை பன்னிரண்டு மணி நேரம் ஒரு நொடிகூட நிற்காமல் ஓடியது. தங்கராஜு டீயை முழுசாகக் குடித்தார்.

லக்ஷ்மன்

*

குளுவாங்
17 மார்ச் 2025

என் தம்பி லக்ஷ்மனுக்கு,

நான் சுகம். முட்டிவலியைப் பற்றி எழுத நேரமில்லை, விஷயத்துக்கு வருகிறேன்.

இவ்வளவு மூளை உள்ளவன், பகலில் நான் அலுவலகத்தில் இருப்பேன், வீட்டில் இருப்பது மச்சாள் என்று யோசிக்க மாட்டாயா? கூரியர்காரனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியது அவர். தன் தம்பி கடையிலிருந்து வந்த சட்டி என்று நினைத்துப் பிரித்ததும் அவர்.

நான் வீடு வந்தபோது மூக்குக்கண்ணாடியோடு மேசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் டின், பக்கத்தில் அப்பாவின் காகிதம். நாலாவது இடமும் போயிற்று என்றுதான் நினைத்தேன். காலணியைக் கழற்றாமலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். டின்னை லோரியில் போட்டது நான், பழியை உன்மேல் போட்டதும் நான். நீ கூட்டித் தள்ளும் வேகத்தைப் பார்த்து, ஒரு டின் கூடப் போனால் யாருக்குத் தெரியும் என்று போட்டேன்.

மச்சாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குப் பத்துப் பொருத்தமும் பாத்துதான் செஞ்சாங்க, நிர்மலா. பத்துக்குப் பத்து. மூணு வருஷத்துல அவர் போயிட்டாரு" என்றார். அப்புறம், "நான் சாதகம் கேட்டது செவ்வாய்க்குப் பயந்து இல்ல. இத முடிச்சிட்டா ரூபனும் ஒங்களோட வந்திருவான். எனக்கு வேற யாரு இருக்கா? அதான் இழுத்துக்கிட்டே போனேன்" என்றார்.

இருவரும் அழுதோம். அழுது முடித்ததும் பஞ்சாங்கத்தை எடுத்து வரச் சொன்னார். ஜூன் எட்டு, ஞாயிறு, காலை எட்டு நாற்பதிலிருந்து ஒன்பது பத்துக்குள் தாலி. முப்பது நிமிடம். தங்கராஜு சொன்ன மாதிரி, தாமதமாக வந்த சரியான பதில் வேண்டாம், முதல் நாளே வந்து சேர்.

சாவியை விட்டுவிட்டார், ஆனால் நீ எழுதியதுபோல் மரியாதை தானாக இறங்கவில்லை. என் கட்டிலில்தான் இன்னும் தூங்குகிறார். இனி இங்கேயே இருங்கள் என்று நான்தான் சொன்னேன். டின்னைத் தையல் நூல் போட அவர் எடுத்துக்கொண்டார். காகிதத்தில் அப்பா எழுதிய பகுதியைக் கத்தரித்துச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தேன். சிவப்பு மைப் பகுதியைக் கிழித்துப் போட்டேன், இந்த முறை என் கையால், மச்சாள் பார்க்க.

கடைசியாக ஒன்று. அன்று வாசலில் "பேசாதே" என்றது கோபத்தில் இல்லை. காகிதத்தில் நான் எவ்வளவு பொய்யும் எழுதுவேன், முப்பது வருட உத்தியோகம். ஆனால் போனில் நான் ஹலோ சொன்னாலே "என்னக்கா, என்ன ஆச்சு?" என்பாய். உன்னிடம் பேசிக்கொண்டே உன்னை ஏமாற்ற என்னால் முடியாது என்றுதான் பேச்சை நிறுத்தினேன். நாலரை மாதம் உன் குரல் கேட்காமல் இருந்தது எனக்குத்தான் தண்டனை, தம்பி.

சித்தப்பா மகனைக் கேட்கவே இல்லை. தோழன் நீதான். கால் கழுவும் தோழனுக்குப் போட மோதிர அளவு வேண்டுமாம்.

அதை எழுதி அனுப்பாதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் போனைப் போடு.

அக்கா